கடனைப் பார்க்கும் முன் உரிமையாளரைப் பார்த்தார்கள்

போன மாதம் சித்தப்பா மகன் டெக்சஸிலிருந்து போன் செய்தான். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஓர் அபார்ட்மென்ட் வளாகம் வாங்கப்போகிறார்களாம். "அக்கா, வாடகையில பெரும்பங்கு கவர்மென்ட்டே கட்டிடுதாம். வீடு காலியாவே கிடக்காதாம். நீங்க அந்த வேலையிலதானே இருந்தீங்க, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றான். அவன் அனுப்பிய தாள்களில் வருமானக் கணக்கு இருந்தது, கடன் விவரம் இருந்தது, புல்வெளியில் எடுத்த அழகான படங்கள் இருந்தன. அந்த நால்வரும் இதற்கு முன் எந்தெந்தக் கட்டடத்தில் பங்கு வைத்திருந்தார்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் முதலில் கேட்டது அதைத்தான்.

"அது எதுக்கு அக்கா? நாம வாங்கப்போறது வேற கட்டடம்தானே?"

இதே கேள்வியை 2000-ஆம் ஆண்டு ஒரு பெரியவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அந்தக் கதையைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்களிடம் இருந்தது ஒரே வளாகம், 72 வீடுகள். செங்கல் முகப்பு, இரண்டு மாடி, நடுவே ஒரு சலவை அறை. 1979-இல் கட்டி, 1980-இல் குடிவைத்தது. உரிமையாளர் எழுபதைத் தாண்டிய அமெரிக்கர். அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். அவருடன் இண்டியானா மாநிலத்தில் இருந்த ஒரு கட்டட ஒப்பந்தக்காரரும் பொதுக் கூட்டாளி, அதாவது வெறும் முதலீட்டாளராக இல்லாமல் உரிமையாளராகவே பொறுப்பேற்பவர்.

அந்த வளாகம் செக்‌ஷன் 8 என்னும் உதவித் திட்டத்தில் கட்டப்பட்டது. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது. குடியிருப்பவர் தன் வருமானத்தில், சில கழிவுகள் போக, 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டுவார். ஒப்பந்த வாடகைக்கு மீதி எவ்வளவோ அதை வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை கட்டும். அந்தத் துறையைச் சுருக்கமாக ஹட் என்பார்கள். வாடகை ஒப்பந்தம் 20 ஆண்டுக்கு. கட்டடத்தின் மேல் வாங்கிய கடனோ 40 ஆண்டுக்கு, 7.5 சதவீத வட்டிக்கு. அந்தக் கடனுக்கு எஃப்.எச்.ஏ. என்னும் அரசு அமைப்பின் காப்பீடும் உண்டு. கடன் 40 ஆண்டு, வாடகை உறுதி 20 ஆண்டு. இந்த இடைவெளியில்தான் சிக்கல் உட்கார்ந்திருந்தது.

ஒப்பந்த வாடகை ஆண்டுதோறும் ஒரு கணக்கின்படி ஏறிக்கொண்டே வந்தது. சந்தை வாடகை அவ்வளவு ஏறவில்லை. 2000-இல் எங்கள் ஒப்பந்தம் முடிந்தபோது சராசரி ஒப்பந்த வாடகை 720 டாலர். அதே தெருவில் அதே அளவு வீடு 610 டாலருக்குக் கிடைத்தது. இப்படி நாடு முழுவதும் பல வளாகங்கள் இருந்தன. வாடகையைக் குறைக்காமல் விட்டால் அரசு ஆண்டுதோறும் அதிகமாகக் கட்ட வேண்டும். குறைத்தால் உரிமையாளரால் தவணை கட்ட முடியாது, கடன் முறியும், அப்போது காப்பீட்டுத் தொகையை அதே அரசுதான் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் அரசின் பைதான். அதற்காக 1997 அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் நடந்த திட்டத்துக்கு மார்க் டு மார்க்கெட் என்று பெயர். வாடகையைச் சந்தை அளவுக்கு இறக்கு, அந்தக் குறைந்த வாடகை தாங்கும் அளவுக்கு முதல் கடனை மாற்றியமை, மிச்சத்தைக் குறைந்த வட்டியில் இரண்டாம் கடனாக ஒதுக்கி வை, உபரி வந்தால் மட்டும் அதிலிருந்து கட்டச் சொல். சுருக்கம் அவ்வளவுதான்.

எங்கள் கணக்கைப் பாருங்கள். 72 வீட்டுக்கு மாதம் 110 டாலர் குறைந்தால் ஆண்டுக்கு 95,000 டாலர் போய்விடும். ஆண்டுத் தவணை 1.9 லட்சம் டாலர். எல்லாச் செலவும் போக எங்களுக்கு மிஞ்சியது ஆண்டுக்கு 40,000 டாலர்கூட இருக்காது. சீரமைப்பு கிடைக்காவிட்டால் அடுத்த குளிர்காலத்தைத் தாண்ட மாட்டோம் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பெரியவர் நினைத்தது இது: கட்டடம் தகுதியானது, வாடகை சந்தையைவிட அதிகம், கடனுக்கு எஃப்.எச்.ஏ. காப்பீடு இருக்கிறது, ஆகவே விண்ணப்பித்தால் போதும். நானும் அப்படித்தான் நினைத்தேன். சட்டத்தில் கட்டடத்தின் தகுதி ஒரு பகுதி, உரிமையாளரின் தகுதி இன்னொரு பகுதி என்பது விண்ணப்பம் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

சீரமைப்பு வேலையை ஹட் நேரடியாகச் செய்யவில்லை. மாநில வீட்டுவசதி நிதி அமைப்புகளையும் சில தனியார் நிறுவனங்களையும் நியமித்திருந்தது. எங்கள் கோப்பைப் பார்த்த அதிகாரி ஒரு பெண்மணி. அவர் முதலில் கேட்டது வாடகைப் பட்டியலையோ கடன் பத்திரத்தையோ இல்லை. "உரிமையாளர்கள் யார் யார், அவர்களோடு சேர்ந்த நிறுவனங்கள் எவை, அவர்களுக்கு வேறு எந்த அரசு உதவிபெறும் கட்டடத்தில் பங்கு இருக்கிறது?" இந்த மூன்றும் வந்த பிறகுதான் மற்றது என்றார். பெரியவர் என்னைப் பார்த்து, நான் மேலே சொன்ன அதே கேள்வியைக் கேட்டார்: வேறு கட்டடம் இவர்களுக்கு எதற்கு?

அன்றிரவு சட்டப் பிரிவை எடுத்து உட்கார்ந்தேன். பிரிவு 516. யாருக்குச் சீரமைப்பு கிடையாது என்று சொல்லும் பிரிவு அது. நிதியிலோ நிர்வாகத்திலோ பெரும் கேடு விளைவிக்கும் செயலையோ தவறவிடுதலையோ செய்த உரிமையாளருக்குக் கிடையாது. இந்தக் கட்டடத்தில் செய்திருந்தாலும் சரி, அரசு உதவிபெறும் வேறு கட்டடத்தில் செய்திருந்தாலும் சரி. கட்டடத்தை வாங்க வருகிறவருக்கும் இதே அளவுகோல். எவையெல்லாம் அப்படிப்பட்ட செயல் என்று சட்டமே வரிசையாகச் சொல்கிறது: சட்டத்தை மீறுவது, செக்‌ஷன் 8 ஒப்பந்தத்தை மீறுவது, கட்டடத்தை எப்படி நடத்த வேண்டும் என்று ஹட்டோடு செய்த ஒழுங்கு உடன்படிக்கையை மீறுவது, கட்டடத்தை நடத்தப் போதுமான வருமானம் இருந்தும் திரும்பத் திரும்பத் தவணை கட்டாமல் விடுவது, குடியிருப்புத் தரத்துக்கு வீட்டைப் பராமரிக்காமல் விடுவது, அரசுத் திட்டங்களிலிருந்து விலக்கிவைக்கும் அளவுக்கான வேறு செயல்கள். ஏற்கெனவே விலக்கிவைக்கப்பட்டவரோ இடைநீக்கம் ஆனவரோ என்றால் பேச்சே இல்லை. இவை தவிர, கட்டடத்தின் நிலைமையே நியாயமான செலவில் சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட்டிருந்தாலும் மறுக்கலாம்.

அந்தப் பிரிவில் என் கண் நின்ற இடம் ஒன்று உண்டு. மீறல்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒரே நிபந்தனை திரும்பத் திரும்ப வருகிறது: அறிவிப்பு பெற்று, சரிசெய்ய வாய்ப்பும் பெற்ற பிறகு. அதாவது கூரை ஒழுகியது மட்டுமே ஆளைத் தகுதியிழக்கச் செய்யாது. கூரை ஒழுகுகிறது என்று கடிதம் வந்து, அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகும் ஒழுகவிட்டால்தான் செய்யும். மீறல் திரும்பத் திரும்ப நடந்தால் மட்டும் இந்த அறிவிப்பு நிபந்தனை இல்லாமலே பிடிபடும். இதைப் படித்ததும் என் பயம் கொஞ்சம் தணிந்தது, அப்புறம் அதிகமானது. எங்களுக்கு என்னென்ன கடிதம் வந்தது, எதற்கெல்லாம் பதில் போயிற்று என்று எனக்கே முழுதாகத் தெரியாது.

எங்கள் வளாகத்திலேயே ஒரு முள் இருந்தது. இப்படிப்பட்ட கட்டடங்களில் உரிமையாளர் தன் இஷ்டத்துக்குப் பணம் எடுக்க முடியாது. காலக்கணக்கு முடிந்து, எல்லாக் கடமையும் போக உபரிப் பணம் எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகு, அதிலிருந்துதான் எடுக்கலாம். பெரியவரின் மருமகனுக்குப் பெயின்டிங் வேலை செய்யும் ஒரு நிறுவனம் இருந்தது. முந்தைய டிசம்பரில், வேலை தொடங்குவதற்கு முன்பே, அந்த நிறுவனத்துக்கு 18,400 டாலர் போயிருந்தது. தணிக்கையாளர் அதைக் குறையாக எழுதியிருந்தார். அந்தத் தணிக்கை அறிக்கை ஹட்டுக்கும் போயிருந்தது. யாரும் பதில் எழுதவில்லை.

"ஐயா, இந்தப் பணம் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து திரும்ப வர வேண்டும்" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. இருபது வருடமாக இந்தக் கட்டடத்துக்காக உழைத்திருக்கிறேன், ஒரு சென்ட் திருடவில்லை என்றார். அது உண்மைதான். ஆனால் உபரிக் கணக்குக்கு முன்னால் சொந்தக்காரரின் நிறுவனத்துக்குப் போன பணத்தை, மேலே இருந்து கோப்பைப் பார்க்கிறவர் என்னவென்று வாசிப்பார்? இரண்டு நாள் கழித்துக் காசோலை கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். தணிக்கையாளரிடமிருந்து குறை தீர்ந்தது என்று கடிதம் வாங்கி, வங்கி ரசீதோடு அனுப்பினோம். கடைசியில் அந்த விஷயம் ஒரு பத்தியோடு முடிந்தது. அதிகாரி தானாகக் கண்டுபிடித்துக் கேட்டிருந்தால் அப்படி முடிந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பெரிய அடி இண்டியானாவிலிருந்து வந்தது. எங்கள் கூட்டாளிக்கு அங்கே 40 வீடுகள் கொண்ட இன்னொரு வளாகம் இருந்தது. அதுவும் செக்‌ஷன் 8. ஹட்டின் நேரடி ஆய்வில் 100-க்கு 60 எடுத்தால்தான் தேர்ச்சி. எங்கள் வளாகம் 71. அவருடையது 48. 1999 மே மாதம் அவருக்கு அறிவிப்புக் கடிதம் போயிருக்கிறது: கூரை, வெளிப்படிக்கட்டு, இரண்டு கொதிகலன்கள். அவர் பதிலே எழுதவில்லை. எங்கள் வளாகத்தில் அவர் பங்கு சிறியது, நிர்வாகத்தில் தலையிடவே மாட்டார். இருந்தும் அவர் பொதுக் கூட்டாளி. விதி பங்கின் அளவைக் கேட்கவில்லை.

எங்கள் விண்ணப்பத்தை நிராகரிக்க உத்தேசம் என்று கடிதம் வந்தது. எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவோ, குறையைச் சரிசெய்யவோ, கடிதம் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்.

கிடைத்த நாள் எது? எங்கள் அலுவலகத்தில் வந்த கடிதத்தில் தேதி முத்திரை போடும் வழக்கம் அதுவரை இல்லை. அது என் பொறுப்பில் இருந்த வேலை, நான் செய்யாமல் விட்டிருந்தேன். நல்லவேளை, கையெழுத்து வாங்கிக் கொடுத்த தபால் என்பதால் பச்சைச் சீட்டில் நாள் இருந்தது. அன்றைக்கே ஒரு முத்திரை வாங்கினேன். அதற்குப் பிறகு உறையைக்கூட எறிந்ததில்லை, கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்து வைப்பேன்.

ஜனவரிப் பனியில் இண்டியானாவுக்குக் காரோட்டிப் போனேன். கூட்டாளி கெட்டவர் இல்லை. கடிதத்தைப் பார்த்ததும் ஆள் வைத்து வேலையைத் தொடங்கியிருக்கிறார், பதில் எழுத வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஒரு ஷூ பெட்டி நிறைய ரசீதுகளை என் கையில் கொடுத்தார். சமையல் மேசையில் பரப்பி நாள்வாரியாக அடுக்கினோம். கூரை ஜூனில் முடிந்திருந்தது. படிக்கட்டு ஜூலையில். கொதிகலன்கள் அக்டோபரில்தான் பொருத்தப்பட்டன, அது அவகாசத்தைத் தாண்டிய நாள். அங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டிருப்போம். ஆனால் பெட்டியின் அடியில் ஒரு தாள் கிடைத்தது: கொதிகலனுக்கு முன்பணம் கட்டிய ஜூன் மாத ரசீது, அதோடு சரக்கு தாமதமாகும் என்று விற்பனையாளர் அனுப்பிய ஃபேக்ஸ். சரிசெய்ய நியாயமான வாய்ப்பு என்று சட்டம் சொல்வதற்குள் இது அடங்கும் என்று எங்கள் வழக்கறிஞர் எழுதினார். ரசீதுகள், படங்கள், நகராட்சி ஆய்வாளர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாக்கி, 24-ஆம் நாள் அனுப்பினோம். மறு ஆய்வுக்கும் விண்ணப்பித்தோம். அதில் 67 வந்தது.

அந்த மூன்று வாரமும் பெரியவர் வேறு ஒரு வழியையும் யோசித்துக்கொண்டிருந்தார். உரிமையாளர் தகுதியிழந்தாலும் கட்டடம் சேர்ந்து அழிய வேண்டியதில்லை. தகுதியான ஒருவருக்கு விற்கலாம். குடியிருப்போர் அமைப்புக்கோ, குடியிருப்போர் ஆதரிக்கும் லாபநோக்கற்ற அமைப்புக்கோ, பொது அமைப்புக்கோ விற்றால் முன்னுரிமை. அதுவும் நடக்காமல் போனால் குடியிருப்பவர்களுக்கு வவுச்சர் என்னும் வாடகை உதவிச் சீட்டைக் கொடுத்து வேறு வீடு தேடிக்கொள்ளச் சொல்வார்கள். காகிதத்தில் அது நல்ல பாதுகாப்புதான். இருபது வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் ஒரு மூதாட்டிக்கு அது எப்படி இருக்கும் என்பதை நான் கூட்டத்தில் பார்த்தேன்.

திட்ட விதிப்படி குடியிருப்பவர்களை அழைத்துப் பேச வேண்டும், அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும். எங்கள் சமுதாய அறையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். தரைத்தளத்தில் 1981 முதல் இருந்த ஒரு மூதாட்டி எழுந்து, "வாடகையைச் சந்தைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்கிறார்களே, எனக்கு எவ்வளவு ஏறும்?" என்று கேட்டார். மார்க் டு மார்க்கெட் என்ற பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவர் அப்போது கட்டியது மாதம் 164 டாலர். அது அவர் வருமானத்தை வைத்துப் போட்ட கணக்கு, மாறாது, குறையப்போவது அரசு கட்டும் பங்குதான் என்று அதிகாரி விளக்கினார். மூதாட்டி உடனே உட்காரவில்லை. "அப்படியென்றால் நான் வீடு மாற வேண்டாம்தானே?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அதே கூட்டத்தில் இன்னொருவர், குளியலறையில் பூஞ்சை பிடித்துப் பல மாதம் ஆகியும் யாரும் வரவில்லை என்றார். அதிகாரி குறித்துக்கொண்டார். உரிமையாளரைப் பற்றிய தீர்ப்பில் இந்த வார்த்தைகளும் எடைபோடப்படும் என்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் பராமரிப்பு ஊழியர் ஒவ்வொரு புகாருக்கும் சீட்டு எழுதும் பழக்கமுள்ளவர். புகார் வந்த நாள், வேலை முடிந்த நாள், குடியிருப்பவர் கையெழுத்து எல்லாம் இருந்தன. அந்த வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறார், மூன்றாவது புகாருக்கு மட்டும் போகவில்லை. அந்த வாரமே போய்க் காற்றுப்போக்கி மாற்றினார். இரண்டையும் மறைக்காமல் கோப்பில் வைத்தோம்.

ஏப்ரலில் ஏற்புக் கடிதம் வந்தது. பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 19 லட்சம் டாலர் பழைய கடன், 11 லட்சம் முதல் கடனாகவும் மீதி ஒரு சதவீத வட்டியில் இரண்டாம் கடனாகவும் பிரிந்தது. கட்டட மதிப்பீட்டில் ஜன்னல், கூரை, வாகன நிறுத்தம் என்று 3.1 லட்சம் டாலர் வேலை வந்தது. அதில் 20 சதவீதம் உரிமையாளர் கையிலிருந்து, 62,000 டாலர். பெரியவர் தன் படகை விற்றார். வருமானம் குறைந்தவர்களுக்கே வீடு என்று 30 ஆண்டு உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டார்.

அந்த விதி எங்களை மூழ்கடிக்கப் பார்த்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொதுப்பணத்தில் ஒருவரின் கடன் சுமையை இறக்கும்போது, அவர் குடியிருப்பவர்களை எப்படி வைத்திருந்தார் என்று கேட்பது நியாயம். எல்லாக் கட்டடத்தையும் சேர்த்துக் கேட்பதும் நியாயம், இல்லையென்றால் ஒன்றைப் பாழாக்கிவிட்டு அடுத்ததற்குப் புதுப் பெயரில் வருவார்கள். அதே சமயம் கடிதம் கொடு, அவகாசம் கொடு, பிறகு தீர்ப்புச் சொல் என்கிறது பாருங்கள், அந்தக் கருணைதான் எங்களைக் காப்பாற்றியது.

சரி, தம்பிக்குச் சொன்னது என்ன? ஹட் கட்டடத்தில் முக்கியப் பங்கோடு நுழைகிறவர்களின் முந்தைய பங்கேற்பைச் சரிபார்க்கும் முறை இன்றும் உண்டு. எல்.எல்.சி. என்னும் வகையில் ஒரு புது நிறுவனம் தொடங்கினால் பழையது மறைந்துவிடாது, நிறுவனத்தின் பின்னால் இருக்கும் ஆளைத்தான் பார்ப்பார்கள். ஆகவே நால்வரும் ஒருவருக்கொருவர் எதிரே உட்கார்ந்து, தங்கள் பெயரிலும் தங்கள் நிறுவனங்களின் பெயரிலும் இருந்த எல்லாக் கட்டடத்தையும் எழுதட்டும், விற்றுவிட்டதையும் சேர்த்து. நண்பனிடம் இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். எங்கள் பெரியவரும் கூட்டாளியிடம் இருபது வருடம் கேட்காமலே இருந்தார்.

விற்பவரிடம் தணிக்கை அறிக்கையைக் கேட்கும்போது, எண்கள் இருக்கும் பக்கத்தோடு நிறுத்தாமல் குறைகள் எழுதிய பின்பக்கத்தைக் கேள் என்றேன். ஆய்வு அறிக்கைகளையும் நிர்வாக மதிப்பாய்வுக் கடிதங்களையும் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் போன பதிலை அதன் பக்கத்தில் வை. ஆய்வு முறை 2023-இல் என்ஸ்பயர் என்று மாறியிருக்கிறது, வீட்டுக்குள்ளே இருக்கும் குறைகளுக்கு இப்போது எடை அதிகம். உயிருக்கு ஆபத்தான குறையை 24 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும், சரிசெய்ததற்குச் சான்றும் வேண்டும். மைத்துனர் நிறுவனத்துக்கு வேலை கொடுப்பதாக இருந்தால் வெளியார் இரண்டு பேரிடம் விலைப்புள்ளி வாங்கிக் கோப்பில் வை. உபரிக் கணக்கு முடியாமல் ஒரு டாலர்கூட எடுக்காதே. வேலையை முடித்தாலும் முடித்துவிட்டேன் என்று எழுது. எங்கள் கூட்டாளிக்குக் கூரை போடத் தெரிந்தது, அந்த ஒரு வரி எழுதத் தெரியாமல் 72 குடும்பத்தின் வீடு ஊசலாடியது.

நேற்று இரவு தம்பி மீண்டும் அழைத்தான். நால்வரில் ஒருவருக்கு ஜார்ஜியாவில் ஒரு பழைய கட்டடத்தில் பங்கு இருந்ததாம், பேச்சோடு பேச்சாக இப்போதுதான் சொன்னாராம். விற்பவர் அனுப்பிய கோப்பில் ஏழு அறிவிப்புக் கடிதங்கள் இருக்கின்றன, ஐந்துக்குப் பதில் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் பதிலைக் காட்டும்வரை முன்பணம் கட்டுவதில்லை என்று எழுதி அனுப்பிவிட்டான். ஜார்ஜியா கோப்பை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வருகிறது.